வெல்வாவின் ஐம்பத்திரண்டு கடிதங்கள்

லாரல் ஃபோர்க், டென்னசி
ஆகஸ்ட் 11, 1986, திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை வெல்வாவுக்கு,

ஆர்லிஸ் மெசர் எழுதிக்கொள்வது. முழங்கால் தவிர மற்றபடி நான் நலம். ஒஹையோவில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உன் விலாசத்தை உன் சித்தப்பா மகள் தந்தாள்.

கையெழுத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ விளையாடுகிறது என்று நினைத்துவிடாதே. நான்தான் எழுதுகிறேன். எழுபது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் இது.

என் மனைவி நெட்டி இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். போன வருடக் கடைசியில்தான் அவளுக்குக் கல் நட்டார்கள். அதன் முன்னால் நின்றேன். கல்வெட்டுக்காரன் அவள் பெயரைத்தான் வெட்டினானா, வேறு யார் பெயரையாவது வெட்டிவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. வேலி ஓரமாகப் போன ஓர் அந்நியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே தேவாலயத்தின் கீழறையில் நடக்கும் வகுப்புக்குப் போய்விட்டேன். சொல்லிக்கொடுப்பவர் மிஸ் ஒபீலியா. முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தை நடத்தி ஓய்வு பெற்றவர். “ஆர்லிஸ், பென்சில கோழிக் கழுத்து மாதிரி நெரிக்காதீங்க. அது எங்கயும் ஓடிப்போகாது” என்பார்.

வெல்வா, படிப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை? நான் பிறந்த ஊரின் பெயர்ப்பலகையை இந்தப் பிப்ரவரியில்தான் படித்தேன். வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று மூன்று தரம் படித்தேன். ஓட்ஸ் டப்பாவை நான்கு பக்கமும் படித்தேன். சலிக்கவே இல்லை.

ஆனால் இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நான் எழுதவில்லை. உனக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அது உனக்குத் தெரியாது. நேராக அங்கே போய் நிற்கத் தைரியம் இல்லாமல் சுற்றிக்கொண்டு வருகிறேன். இன்று கை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

செவ்வாய்

நாற்பத்தொன்பதாம் வருடம், நம் வானொலிக் காலை நிகழ்ச்சியை நினைத்துக்கொள். ஐந்தரை மணிக்கு, மலைக்காரர்கள் மாடு கறக்கும் நேரத்தில். நிகழ்ச்சிக்கு என் பெயர். பணம் போட்டது மலைநிலவு மாவு மில். நான் நாலு பாட்டு, நீ ஒரே ஒரு பாட்டு. அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. நடுவில் மாவு விளம்பரத்தை நான் படிக்க வேண்டும். வாரம் ஒரு புதுக் காகிதம் வரும்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அந்த வானொலி நிலையத்தில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். என் லாரியில் வரும் வழியில் அந்தக் காகிதத்தை எனக்குப் படித்துக் காட்டுவாய். “‘மலைநிலவு மாவுல செஞ்ச பிஸ்கட்டு ரொட்டி மேகமா எழும்பும்.’ மூணு தரம் சொல்லுங்க அண்ணே, மனசுல நின்னுரும்” என்பாய். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பிப்பேன். வேறு காகிதத்தை யாராவது நீட்டினால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன்.

அறிவிப்பாளன் ஹாய்ட்டுக்குச் சந்தேகம். “என்ன ஆர்லிஸ், இன்னிக்கும் கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா? அடுத்த வாரம் கண்ணையே வச்சுட்டு வந்துருவ போல” என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். நீ விடவில்லை. “அவரு பாக்காமலே சரியாச் சொல்றாரு. நீங்க பாத்துப் பாத்தே தப்பாப் படிக்கிறீங்களே, ஹாய்ட்” என்றாய்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, லாரிக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. நீ விரலால் இரண்டு கோடு இழுத்தாய். கீழே கூராகச் சேரும் இரண்டு கோடு. “இது என் பேரோட முதல் எழுத்து. வாத்துங்களே வருசா வருசம் கூட்டமாப் பறந்து வானத்துல எழுதிட்டுப் போகுதுங்க. உங்களுக்கு வராதா அண்ணே?” என்றாய். எனக்கு வந்தது. எழுபது வயது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்த ஒரே எழுத்து அதுதான்.

புதன்

மில்லிலிருந்து க்ரம்லி வந்தது உனக்கு மறந்திருக்காது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் பேசினான். “ரெண்டு பாட்டுக்காரங்க மில்லுக்குக் கட்டுப்படியாகாது. மார்ச் மாசம் பூரா ரேடியோ கேக்கறவங்க போடுற கடிதத்த எண்ணுவோம். ஜாஸ்தி வந்தவங்கள நாஷ்வில்ல நடக்குற சனிக்கிழமை ரேடியோக் கச்சேரி மேடைக்கு அனுப்புறோம். மத்தவங்க வேற எடம் பாத்துக்கலாம். உறைய எண்ணினாப் போதும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க எனக்கு நேரமில்ல” என்றான்.

நம் தொழிலில் அன்று அதுதான் தராசு. குரலை யார் நிறுத்தார்கள்? தபால் மூட்டையைத்தான் நிறுத்தார்கள்.

நீ வெளியே வந்து சிரித்தாய். “தோத்தவங்க ஜெயிச்சவங்க கித்தார் பெட்டியத் தூக்கணும். சரியா அண்ணே?”

தபால் நிலையத்திலிருந்து தினமும் மூட்டையை எடுத்து வந்தவன் நான். என்னிடம்தானே லாரி இருந்தது. முதல் வாரம் ஒழுங்காகக் கொண்டுவந்தேன். ஹாய்ட் இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டான். உன் பெட்டி என் பெட்டியைவிட உயரமாக எழும்பியது. ஐந்து பாட்டில் ஒரே ஒரு பாட்டுப் பாடுகிற பெண்ணுக்கு!

எனக்கு முப்பத்துமூன்று வயது. இதை விட்டால் மரம் அறுக்கத்தான் போக வேண்டும். இரண்டாவது வாரம் ஆற்று வளைவில் லாரியை நிறுத்தினேன். மூட்டையை அவிழ்த்தேன். வாத்துகளின் எழுத்து எந்த உறையில் இருந்ததோ அதையெல்லாம் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

எழுதிவிட்டேன். முப்பத்தேழு வருடம் வாயால் சொல்ல முடியாததைக் கை எழுதிவிட்டது.

தினமும் எடுக்கவில்லை. எண்ணிக்கை சமமாகும் அளவுக்கு, பிறகு கொஞ்சம் அதிகமாக. மொத்தம் ஐம்பத்தெட்டு. அவற்றை எரிக்கத் துணியவில்லை. எழுதிய காகிதம் என்றால் படிக்காதவனுக்குப் பயம். உள்ளே வேத வசனம் இருந்துவிட்டால்? பன்றிக் கொழுப்பு வைக்கும் தகர டப்பாவில் போட்டு, இறைச்சி புகைபோடும் கொட்டகையில் உத்தரத்துக்கு மேல் ஏற்றிவைத்தேன்.

மாதக் கடைசியில் க்ரம்லி எண்ணினான். எனக்கு இருநூற்றுப் பதினொன்று. உனக்கு நூற்று எழுபத்துநாலு. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றி என் கித்தார் பெட்டியைப் பேருந்து நிற்கும் இடம் வரை தூக்கி வந்தாய். நானும் தூக்கவிட்டேன். ஏறும்போது என் காதருகில் சொன்னாய்: “நாஷ்வில்ல யாராவது காகிதத்த நீட்டினா கண்ணு வலின்னு சொல்லுங்கண்ணே. கண்ணாடிக் கதைய அங்க நம்ப மாட்டாங்க.”

வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நான் போன பாதை உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு பாட்டு நன்றாக ஓடியது. ஒரு பேருந்து இருந்தது, ஐந்து வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். பாட்டு வரிசையைப் படமாக வரைந்து கித்தாரின் முதுகில் ஒட்டிக்கொள்வேன். ரயில் பாட்டுக்கு ரயில், காப்பிப் பாட்டுக்குக் கோப்பை. பள்ளிக்கூட அரங்குகளிலும், திறந்தவெளிச் சினிமாக்களில் தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்றும் பாடினோம். கைதட்டலுக்குப் பதில் கார்கள் ஹாரன் அடிக்கும். பிறகு ரசனை மாறியது. வயலின் பட்டாளமும் மின்சாரக் கித்தாரும் வந்தன. அறுபத்துமூன்றில் இசைத்தட்டுக் கம்பெனி என்னை விட்டது. அதன்பின் மரச்சாமான் கடைத் திறப்பு, பழைய கார் விற்பனை. கடைசியாக ஒரு டயர் கடையில் பாடினேன். கூட்டத்தில் பாதி டயர். எந்த மர அறுவை மில்லுக்குப் பயந்து உன் கடிதங்களை எடுத்தேனோ, அங்கேயே போய்ப் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன்.

நீ மூன்று வாரம் மற்ற நிலையங்களில் ஏறி இறங்கினாயாம். மூட்டையில் தோற்ற பெண்ணை யார் எடுப்பார்கள்? ஒஹையோவின் டேட்டனுக்குப் பேருந்து ஏறினாய். இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் குளிர்பெட்டிக்குக் கதவு மாட்டினாய். உன் சித்தப்பா மகள் சொன்னாள். “அவ பாத்திரம் கழுவறப்பகூடப் பாட மாட்டா” என்றும் சொன்னாள். அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனி

போன மாதம் எங்கள் மாவட்டச் சந்தைத் திருவிழாக் குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகக் கட்டியிருக்கும் மேடைக்கு என் பெயர் வைக்கிறார்களாம். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி விழா. என் வாழ்க்கையை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. “குடுங்க, நானே படிக்கிறேன்” என்று வாங்கி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். பிறந்த ஊர், அம்மா பெயர் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. நாலாவது வரி: ‘1949ஆம் ஆண்டு மக்களே தங்கள் கடிதங்களால் தேர்ந்தெடுத்த பாடகர்.’

அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. குழுவில் ஒரு அம்மாள், “பாவம், பெரியவருக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற பேரு வைங்கம்மா, எனக்கு அந்தத் தகுதி இல்ல” என்றேன். “பாத்தீங்களா, எப்படிப்பட்ட மனுசன்!” என்றாள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் என்னை இன்னும் உயரத் தூக்கினார்கள்.

அவர்கள் போனபின் என் இருநூற்றுப் பதினொன்றையும் எடுத்தேன். பெருமைக்காகச் சேர்த்து வைத்திருந்தேனே தவிர, ஒன்றையும் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை. வெளியாரிடம் கொடுத்தால் எனக்குப் படிக்கத் தெரியாதது வெளிப்படும், நெட்டியிடம் கொடுத்தால் அந்த மார்ச் மாதக் கதையைக் கேட்பாள். மூன்றாவது கடிதம் ஒரு பால்காரர் எழுதியது. அதை அப்படியே தருகிறேன்: “ஆர்லிஸ் ஐயா, அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு பாட்டுக் குடுங்க. அது பாடினா எங்க மாடு அசையாம நிக்குது. நீங்க பாடினா வாளிய உதைக்குது.”

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். நானே படித்துச் சிரித்த முதல் நகைச்சுவை. பிறகு அடுத்ததைப் பிரித்தேன். அதற்கடுத்ததையும். பாதிக்கு மேல் இதே கதைதான். நிகழ்ச்சிக்கு என் பெயர் என்பதால் உறையில் என் பெயர். உள்ளே கேட்டதெல்லாம் உன்னை. க்ரம்லி உறையைத்தான் எண்ணினான்.

அதன்பின் கொட்டகைக்குப் போய் டப்பாவை இறக்கினேன். உன் கடிதங்களை நான் பிரிக்கவில்லை. புதிதாகப் படிக்கக் கற்றவனுக்கு அது லேசான காரியமில்லை, ஆனாலும் பிரிக்கவில்லை. வெளியே இருந்ததை மட்டும் படித்தேன். ஆறு உறைகள் உனக்கு வந்தவையே இல்லை. வர்ஜீனியாவிலிருந்து எனக்கு வந்தவை. அந்த மாநிலத்தின் பெயரிலும் வாத்துகளின் எழுத்து இருக்கிறது. என்னையே நான் திருடியிருக்கிறேன். உன்னுடையவை ஐம்பத்திரண்டு. கூட்டிப் பார். நாஷ்வில் பேருந்தில் நீதான் ஏறியிருக்க வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால்கூட, குளிருக்குப் பயந்த நாய்போல நான் வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பேன். ஆனால் ஓர் உறையின் மூலையில் அனுப்பியவர் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஹைரம் சைஸ்மோர், ஸ்டோனி க்ரீக்.

உன் அப்பா, வெல்வா.

மாவு விற்பதற்காகப் பாடுகிறவள் என் மகள் இல்லை என்று சொல்லி ரேடியோவையே விற்றுவிட்டவர். “திட்டியாவது ஒரு வரி எழுதலாம்ல அண்ணே” என்று நீ லாரியில் எத்தனை காலை சொல்லியிருக்கிறாய். உறையில் மார்ச் இருபத்திரண்டு என்று முத்திரை. ஜூனில் அவர் இறந்துபோனார். அவர் ஒரு வரியும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டே நீ அவருக்கு மண் போட்டாய். அவர் எழுதியிருந்தார். அது என் கொட்டகையில் இருந்தது.

ஞாயிறு

எல்லாவற்றையும் மிஸ் ஒபீலியாவிடம் சொன்னேன். ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிடாத மனுஷியிடம் சொல்வது, தலைவாசலில் நிர்வாணமாக நிற்பது போல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “தபால்தலை ஒட்டியிருக்கு. பேரு எழுதியிருக்கு. அப்ப அது இன்னும் வழியிலதான் இருக்கு. கொண்டுபோய்ச் சேருங்க.” கொஞ்சம் கழித்து, “செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வாங்க. இன்னிக்குப் போயிருங்க” என்றார்.

அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வருகிறது. ஐம்பத்திரண்டும் அதில் இருக்கின்றன. உன் அப்பாவுடையது மேலே. கொழுப்புக் கறை கொஞ்சம் பட்டிருக்கிறது, பொறுத்துக்கொள். என் பெயருக்கு வந்து உன்னைக் கேட்ட கடிதங்களையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அவையும் உனக்குச் சேர வேண்டியவைதான்.

மேடை விஷயம். நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி அந்த மேடையிலேயே ஏறி நின்று அதைப் படிக்கப் போகிறேன். உன் அப்பாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. கதை உன்னுடையதும் என்பதால் உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் படிக்க மாட்டேன். ஆனால் எப்படியானாலும் அந்த மேடையில் என் பெயர் இருக்காது. அதை எழுதிக் குழுவிடம் கொடுத்துவிட்டேன்.

உன் அப்பா என்ன எழுதியிருந்தார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மன்னித்துவிடு என்றும் கேட்க மாட்டேன். முப்பத்தேழு வருடத்துக்கு அது மிகவும் சின்னச் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குப் பதில் எழுது. திட்டியே எழுது. உன் வாயில் வருவதையெல்லாம் எழுது. முன்பெல்லாம் கசப்பான கடிதம் வந்தால் நெட்டி அதைப் பாதியாக்கித்தான் எனக்குப் படித்துக் காட்டியிருப்பாள். இப்போது நடுவில் யாரும் இல்லை. நீ எழுதுவதை நீ எழுதியபடியே, ஒரு சொல் விடாமல் நானே படிப்பேன்.

ஆண்டவர் உன் வீட்டையும், அதைவிடக் கவனமாக உன் குரலையும் இத்தனை காலமும் காத்து வைத்திருப்பாராக.

தலை குனிந்து,
ஆர்லிஸ் மெசர்