பின்கதவில் விறகு அறுக்கும் சத்தம்

பெப்ரவரி 2, திங்கள்

நேற்றும் பதினொன்றரை வரை விளக்கு எரிந்தது. அணைத்தால் தனுஷிகா அலறுகிறாள். எரியவிட்டால் நாலு மாதத் தம்பி கண்ணை மூடமாட்டான். கொழும்பில் கடையில் நிற்கும் இவளுடைய அப்பா, "பேசாம அணைச்சிட்டுப் படு, அழுது ஓஞ்சிடுவா" என்கிறார். அவருக்கென்ன, காதுக்கு எட்டாத தூரம்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா டீச்சர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பதினெட்டுப் பிள்ளைகளை மத்தியானம் தூங்க வைப்பவள். பூச்சாண்டி காட்டாதீங்க, பிள்ளைகிட்டப் பொய் சொல்லாதீங்க என்று அவர்களுக்கு வாய் ஓயாமல் சொல்பவள். என் வீட்டில் நாலரை வயதை இருட்டில் படுக்க வைக்க முடியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

பெப்ரவரி 5

ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். விளக்கை அணைத்துவிட்டு, கேட்கும் சத்தத்துக்கெல்லாம் பேர் சொல்ல வேண்டும். பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீர். தலவாக்கலைப் பக்கம் போகும் ரயில். சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவது சண்முகவடிவு அக்கா. "இது தம்பி மூச்சு" என்று அவளே சொன்னாள். பேர் தெரிஞ்ச சத்தம் ஒண்ணும் செய்யாது என்றேன். பத்து நிமிடம் இருட்டில் இருந்தாள். கெட்டிக்காரி. நானும்தான்.

பெப்ரவரி 9

இருட்டிலேயே தூங்கிவிட்டாள். அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

பெப்ரவரி 11

"அம்மா, பின்னாடி யாரோ மரம் அறுக்குறாங்க."

தம்பிக்குப் பால் கொடுத்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் விடவில்லை, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "செல்லசாமி மாமா விறகு அறுக்குறாரு, தூங்கு" என்றேன்.

செல்லசாமி அண்ணன் சண்முகவடிவு அக்காவின் புருஷன். மலைக்கு யாத்திரை போகும் சீசனுக்கு நல்லதண்ணி ஊரில் கடை போடப் போய் ஒரு மாதமாகிறது. அதனாலென்ன? பிள்ளைக்கு வேண்டியது ஒரு பேர், கொடுத்தேன். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள்.

பெப்ரவரி 14

அக்காவின் நாயைக் காணவில்லை. சங்கிலி அறுந்து கிடக்கிறது. யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று காலையிலிருந்து ஏசிக்கொண்டிருக்கிறாள்.

படுக்கும்போது தனுஷிகா, "மாமா இன்னைக்கும் வருவாரா?" என்று கேட்டாள். வருவார் என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தாள்.

பெப்ரவரி 17

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு சொன்னாராம்: ஏழாம் நம்பர் தேயிலை மலையில் சிறுத்தைப்புலித் தடம், நாய்களை உள்ளே கட்டுங்கள், இருட்டினால் வெளியே போகாதீர்கள். ஏழாம் நம்பர் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

பிள்ளையை விட வந்த கிருஷாந்தி சொன்னாள். "அது உறுமாதுங்க டீச்சர். மரம் அறுக்குற மாதிரி இழுத்து இழுத்துக் கத்தும். எங்க அப்பா கேட்டிருக்காரு."

அவளுடைய பிள்ளையை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

எதுக்கு என்ன பேரு வச்சிருக்கேன் நான்.

இன்று இரவே சொல்லவேண்டும். ஆனால் சொன்னால் மறுபடி முதலிலிருந்து அல்லவா? நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். விடியட்டும், வெளிச்சத்தில் சொல்லிக்கொள்ளலாம். கதவுதான் பூட்டியிருக்கிறதே.

பெப்ரவரி 18, விடியவில்லை

விளக்கைப் போட்டுட்டேன். எழுதினாத்தான் விடியும்.

நானே கேட்டேன். இழுத்து, விட்டு, இழுத்து — பின்பக்கம், ரொம்பக் கிட்ட. பக்கத்துல கையைப் போட்டா பாய் காலி.

குசினியில, அடுப்பைத் தாண்டி நிக்கிறா. பலகை மேல ஏறி, பின்கதவுத் தாழ்ப்பாளப் பாதி இழுத்துட்டா. இருட்டுல, தனியா, கொஞ்சம்கூடப் பயமில்லாம. "மாமாவுக்குக் குளிரும்மா. உள்ள வரச் சொல்றேன்."

அவளை இழுத்துக்கிட்டுத் தாழ்ப்பாளத் தள்ளினேன். கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்தேன். அந்தப் பக்கம் மூச்சு. கடவுளே, கதவுக்கு அந்தப் பக்கமே மூச்சு. "மாமா"ன்னு வாயெடுத்தா, பொத்தினேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

பெப்ரவரி 20

எல்லாவற்றையும் சொன்னேன். அது புலி, மாமா நல்லதண்ணியில் இருக்கிறார் என்று. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"மாமா இங்க இல்லேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

இன்றைக்கு விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள்.

பெப்ரவரி 23

பிள்ளைக்காம்பராவில் ஒரு தாய், இருட்டுக்குப் பயப்படும் மகனை என்ன செய்வது என்று யோசனை கேட்டாள். தெரியவில்லை என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பெப்ரவரி 27

ஒன்பது நாளாக அந்தச் சத்தம் இல்லை. மலை மாறிப் போய்விட்டது என்கிறார்கள். விளக்கு விடிய விடிய எரிகிறது. தம்பி அதற்குப் பழகிவிட்டான்.

இன்று இரவு கூரைத் தகரத்தில் மெல்லச் சத்தம் கேட்டது. "மழைதான்" என்றேன். தனுஷிகா கண்ணை மூடவில்லை.

"நீங்க வெளிய போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "பாத்துட்டேன். மழைதான்."

அவள் எழுந்து உட்கார்ந்து என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.