ஊர்வலத்தில் இரண்டாம் பரிசு

அன்புத் தங்கைக்கு,

அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். உன் கல்யாணத்தை அவர் கடைசிவரை மன்னிக்காததால் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அடக்கத்தன்று உலகத் திருவிழாக்களின் அணிவகுப்புக்காகப் பெரிய தெருவை அடைத்துவிட்டார்கள். "வரிசையில சேர்ந்து போயிடுங்க சார், வேற வழி இல்ல" என்றார் போலீஸ்காரர். முகமூடி நடனத்துக்கும் அறுவடைக் கூத்துக்கும் நடுவே அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனோம். இருபுறமும் நன்றாகக் கை தட்டினார்கள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. சித்தப்பா மேடையேறி வாங்கிக்கொண்டார். நடுவருக்கு ஒரே ஒரு குறைதான். "எல்லாம் தத்ரூபமா இருந்துச்சு. பெத்த பொண்ணுன்னு ஒருத்தி அழுதிருந்தா முதல் பரிசே குடுத்திருப்போம்" என்றார்.

அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. இந்த முறை உனக்குத்தான் முதலில் சொல்வோம். கட்டாயம் வந்துவிடு.

உன் அண்ணன்