87ஆம் எண் விவசாயி

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை.

கைடு போன். வியாழன் வைவா உறுதி. ஏழு வருஷம் இழுத்த பிஎச்.டி. அப்பாடா என்று உட்காருவதற்குள், "ஒரு சின்ன விஷயம்மா. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மேடம் உங்க 87ஆம் நம்பர் விவசாயிய நேர்ல பாக்கணுமாம். நாளைக்கு நாலு மணி."

தலைப்பு: மண்ணாடிப்பட்டுக் கரும்பு விவசாயப் பெண்கள், யார் முடிவெடுக்கிறார்கள். நூறு பேர். அறுபது பேரை நிஜமாகவே பார்த்தேன். மீதி நாற்பது பேர் வில்லியனூர் வீட்டில், என் கட்டிலில், ஒரே ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்கள். 87ம் அப்படித்தான். விதவை, வயது 58, இரண்டு ஏக்கர், எல்லா முடிவும் தானே. இவருக்காக நாலு பக்கம் உருகியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வழி?
1. உண்மையைச் சொல்வது. பட்டம் போச்சு, கெஸ்ட் லெக்சரர் வேலையும் போச்சு.
2. மாமியார். விதவை, வயதும் கிட்டத்தட்ட அதுதான், இரண்டு ஏக்கர் கரும்பு. ஆனால் முடிவெல்லாம் என் கணவர் ரவி.

நவ. 12, புதன்

வெயில். காலை டவுன் பஸ்ஸில் மண்ணாடிப்பட்டு, மாமியார் ஊர். காலில் விழாத குறை.

"எது கேட்டாலும் 'நான்தான் முடிவு பண்றேன்'னு சொல்லுங்க அத்த."

"பொய் சொல்லச் சொல்றியா இன்னா?"

பத்து தடவை ஒப்பிக்க வைத்தேன். முதல் தடவை அவருக்கே சிரிப்பு. பத்தாவது தடவை சிரிக்கவில்லை. சுவரிலிருந்த எங்கள் கல்யாணப் போட்டோ அரிசி டிரம்முக்குப் பின்னால்.

நாலு மணி. மேடம் தனியாக, காரில். கரும்பு எப்ப வெட்டறதுன்னு யார் முடிவு? "நான்தான்." உரம்? "நான்தான்."

வாசலில் ரவியின் பைக். பின்னால், நிலத்தை வாங்கி பிளாட் போடும் புரோக்கர். இன்று புரோக்கரோடு வருவதாக ரவி போன வாரமே சொன்னார், என் மண்டையில் ஏறவில்லை. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். நான் கண்ணை உருட்டிய உருட்டலில் மூடிக்கொண்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நெலத்த இவருக்குக் குடுக்கறோம்ல, சொல்லும்மா."

மேடம் பேனாவை எடுத்தார். "இது யார் முடிவும்மா?"

மாமியார் ரவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான் முடிவு பண்றேன். குடுக்கறதா இல்ல."

பிற்பாதி நான் சொல்லிக்கொடுக்காதது.

நவ. 13, வியாழன்

மேகமூட்டம். வைவா இருபதே நிமிஷம். "களப்பணி அபாரம்" என்றார் மேடம். இனி நான் டாக்டர் செல்வி. கைதட்டல். அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று கைடு எல்லோருக்கும் விளக்கினார். வெட்கம், வேறொன்றுமில்லை.

வீடு. ரவி நேற்றிலிருந்து பேசவில்லை. காபி நானே போட்டு நானே குடித்தேன்.

ஆறு மணிக்கு மாமியார் போன். "பாஸாயிட்டியாடி?"

"ஆயிட்டேன் அத்த."

"நான் சொன்னத அந்தம்மா எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

"அப்ப ரவிகிட்ட போனக் குடு."

கொடுத்தேன்.