வெல்ல உருண்டை

காஜா பேராங், மலாக்கா
16.9.1957

தைப்பிங்கில் இருக்கும் அஞ்சலை அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி தெய்வானை வணங்கி எழுதுவது. அங்கே வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

விஜயா நன்றாகப் படிக்கிறாள். நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா அன்று பக்கத்து வீட்டார் அவளைக் கொண்டாட்டம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். வாங்கி வந்த கொடியை அப்பா தலைமாட்டில் செருகி வைத்திருக்கிறாள்.

உங்கள் தம்பிக்கு முதுகு வலி குறையவில்லை. ஆற்றங்கரையில் அரிசி மூட்டை இறக்கும்போது பலகை சறுக்கி விழுந்தாரே, அன்று பிடித்தது. ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி போட்டார்கள். அது போட்டால் மனிதர் சாப்பிட்டார், சிரித்தார். பிறகு டாக்டர், இதற்கு மேல் போட்டால் பழக்கமாகிவிடும் என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஊசி நின்றதே தவிர வலி நிற்கவில்லையே. அப்புறம்தான் கூட வேலை செய்த ஒருவன் சண்டு வாங்கிக் கொடுத்தான். அபின்தான் அக்கா, உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. மிளகளவு விழுங்கியவர் இப்போது சுண்டைக்காய் அளவு கேட்கிறார். போலீஸ் பிடித்தால் ஜெயில். டாக்டரோ அதை விட்டுவிட்டு வா, பார்க்கலாம் என்கிறார்.

அவர் கத்தும்போது, கத்துவது முதுகா, அந்தப் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். தென்னை வெல்லத்தில் புளி கலந்து, கறுப்பாக உருட்டி, சண்டு என்று கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது என்றார். சோறு கேட்டார். விஜயாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கூடவே ஆத்திரமும் வந்தது. இத்தனை நாளும் நடிப்பா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முகம் துடைத்துவிடப் போனேன். உள் உதடு முழுக்கப் பல் பட்டுக் கிழிந்திருந்தது. வாயில வச்சதுமே வெல்லமுன்னு தெரிஞ்சிருச்சு, நீ ஆசையா பாத்துக்கிட்டு நின்னியே புள்ள என்றார்.

அன்றைக்கு நானே போய் நிஜமானதை வாங்கி வந்து கொடுத்தேன். இப்போது வலிக்கிறது என்றாலும் என்னால் நம்ப முடியவில்லை, வலிக்கவில்லை என்றாலும் நம்ப முடியவில்லை. கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். யாரிடம் போய்க் கேட்பது?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் என் தம்பி நூறு வயது வாழ வேண்டும் என்று எழுதி முடிப்பீர்கள். அவரே வாங்கிப் படிப்பார். இந்தத் தடவை அதை எழுத வேண்டாம் அக்கா. இன்று தூங்கட்டும் என்று எழுதுங்கள், போதும்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
தெய்வானை