வேண்டாம் என்றதற்குக் கேஸ் இல்லை

செவ்வாய்க்கிழமை, கட்டுமாவடி

படகு கடலுக்குப் போகாத நாள் என்றாலே, புருஷன் வீட்டில் இருப்பானே என்று என் தங்கை கயலுக்குப் பயம். நேற்று காற்று பலம், படகு போகவில்லை. வேண்டாம் என்று கெஞ்சியவளின் கையை முறித்துப் போட்டுத்தான் அவள் புருஷன் தன் காரியத்தை முடித்திருக்கிறான்.

காலையில் அவளை மாவுக்கட்டோடு மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எஸ்.ஐ. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கைய ஒடைச்சதுக்கு கேஸ் போடுறேம்மா. மத்தத, கட்டுன புருஷன் செஞ்சா சட்டம் பலாத்காரம்னு எடுத்துக்காது."

சாயங்காலம் என் வீட்டு வாசலில் நான் அரிவாள்மனையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவனே வந்தான். "எம் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன். ஒதுங்குங்க மதினி" என்று, பக்கத்தில் இருந்த கயலின் தலைமயிரைப் பிடித்து இழுத்தான்.

"விடுங்க, நான் வரல" என்று அலறினாள். அவன் விடவில்லை. மயிரைப் பிடித்திருந்த அவன் கையைப் பிடித்து அரிவாள்மனையில் வைத்து அழுத்தினேன். எலும்பில் தட்டித்தான் நின்றது.

இப்போதுதான் எஸ்.ஐ. அம்மா போன் செய்தார். "காலைல வந்துரும்மா. ஒம்மேல கேஸ் இருக்கு. வெட்டுனதுக்கெல்லாம் சட்டத்துல தெளிவா இருக்கு."

நாளைக்கும் படகு போகாதாம். அரிவாள்மனையைக் கழுவி, கயலின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.