மூன்றாம் சுருளும் நான்காம் சுருளும்

நாகர்கோவில்,
9 ஜனவரி 1956

அன்புள்ள நேசையனுக்கு,

நலம்தானே? செப்டம்பரில் எழுதியதற்கு நீ இன்னும் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

ராஜையன் பெயரில் ஒரு கல் வைக்கத்தான் வேண்டும். பிப்ரவரி வந்தால் பதினான்கு வருஷம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பலின் பெயர்கூட நமக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த ஒரே செய்தி, அது எங்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான். என் தம்பி, உன் சிநேகிதன், உயிரோடிருந்தால் பதினான்கு வருஷம் சும்மா இருக்கிறவன் அல்ல. ஒரு காலணாக் கார்டாவது போட்டிருப்பான். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

கல் கொத்துகிற முத்துநாயகம் நாம் எழுதிக் கொடுக்கும் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, அதன் மேலேயே உளியை வைப்பார். காகிதத்தில் உள்ளது அப்படியே கல்லில் வரும், தப்பு இருந்தால் தப்பும் சேர்ந்து வரும். அதனால் எழுத்து உன் கையாக இருக்கட்டும். பெயர், பிறந்த வருஷம் 1916, மறைந்த வருஷம் 1942. அவ்வளவு போதும், வசனம் வேண்டாம்.

வாரப் பத்திரிகையில் நீ வரைகிற புயல்மாறனை என் எட்டாம் வகுப்புப் பெண்கள் கணிதப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறார்கள். நான் பத்திரிகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பிறகு நானும் படிக்கிறேன். மலையைத் தூக்குகிறான், காற்றைக் கையால் நிறுத்துகிறான். அதெல்லாம் எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் இருநூறு வாரமாக முகமூடியைக் கழற்றாதவன் நிற்கும்போது மட்டும் ஒரு பாதத்தின்மேல் மறு பாதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். அப்படி நின்ற ஒருவனை நம் இருவருக்கும் தெரியும். இதுவரை நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உன் அக்கா,
லீலாபாய்


சென்னை,
23 ஜனவரி 1956

மதிப்பும் பாசமும் உள்ள லீலா அக்காவுக்கு,

நேசையன் எழுதுவது. செப்டம்பர் கடிதம் மேசையிலேயே இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். பதில்தான் எழுத வரவில்லை.

எழுத வராததை வரைந்திருக்கிறேன் அக்கா. புயல்மாறன் பொம்மைப் படம் முடிந்துவிட்டது. நான்கு சுருள், நாற்பது நிமிஷம். ஒன்பது பேர் இரண்டு வருஷம் உட்கார்ந்து வரைந்த இருபத்தெட்டாயிரம் படங்கள். அதில் புயல்மாறன் நடக்கிற, நிற்கிற படங்களை வேறு யார் கையிலும் விடவில்லை. பிப்ரவரியில் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு வருகிறது. பெரிய படத்துக்கு முன்னால் இதைப் போடுவார்கள். நீங்கள் சினிமாவுக்குப் போகிறவர் இல்லை என்று தெரியும். எனக்காக ஒரு நாள் போங்கள்.

கடைசியில் ‘சுபம்’ போட வேண்டும் என்று முதலாளி ஒரு வாரம் சண்டை போட்டார். ‘முற்றும்’ என்றாவது போடு என்றார். இரண்டும் போடவில்லை. முடியாத ஒன்றுக்கு எதற்கு முடிவுச் சீட்டு? திரை வெளுத்துவிடும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் அந்தப் படத்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள். கல்லைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

தங்கள் தம்பி,
நேசையன்


நாகர்கோவில்,
13 பிப்ரவரி 1956

அன்புள்ள நேசையனுக்கு,

சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் போனேன். என் வகுப்புப் பெண்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். என்னைக் கண்டதும் தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நானும் அவர்களைக் காணாதவள் போல உட்கார்ந்துகொண்டேன்.

புயல்மாறன் முதலில் வாய் திறந்தபோதே கொட்டகையில் ஒரு சலசலப்பு. எனக்கு முன்னால் இருந்த கடைக்காரர், “இவனுக்க சத்தம் இப்பிடியா இருக்கும்? மெட்ராஸ்காரன்லா பேசுகான்” என்று எழுந்தே போய்விட்டார். இருநூறு வாரமாக ஆளுக்கொரு குரலை மனதில் வைத்துப் படித்திருக்கிறார்கள். யார் பேசியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

புயல் வரப்போகிறது என்று கிராமம் நடுங்குகிறது. திடீரென்று விடிந்துவிடுகிறது. அவன் கடலிலிருந்து கரையேறுகிறான், முகமூடியைக் கழற்றுகிறான். நேசையா, அது ராஜையனின் முகம், அதைப் பார்க்க நான் தயாராக இல்லை. கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பாதத்தின்மேல் பாதம் வைத்து நிற்கிறான். தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. அதற்குப் பிறகு புயல் வருகிறது. படகுகள் கரை சேரும்வரை அலையைத் தாங்கிப் பிடிக்கிறான், அலை அவன்மேல் மூடுகிறது, திரை வெளுத்துப்போகிறது.

கொட்டகையில் விளக்கைப் போட்டார்கள். பிறகு ஒரே இரைச்சல். கழற்றின முகமூடியை எப்போது திரும்பப் போட்டான் என்று ஒருவர். கரையேறியது கனவு என்று ஒருவர். “ரெட்டப் பிள்ளையாக்கும், கரையில நின்னது அண்ணன்காரன்” என்று என் மாணவி அன்னக்கிளி அழுதுகொண்டே தீர்ப்புச் சொன்னாள். “செத்துட்டான்னா வியாழக்கெழம பத்திரிகையில எப்பிடி வருவான்?” என்று ஒருவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று காலை பதினோரு பெண்கள் கறுப்பு ரிப்பன் கட்டி வந்தார்கள்.

எனக்கும் பாதி புரியவில்லை. ஆனால் முடிவு புரிந்தது. நீ இன்னும் ராஜையனுக்காகக் காத்திருக்கிறாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த முகத்தை ஒருமுறை காட்டிவிட்டு மூழ்கடித்திருக்க வேண்டாம். அது கொடுமை. இருந்தாலும் நேர்மையான பதில். நீயும் ஒப்புக்கொண்டுவிட்டாய். இனி எழுத்தை எழுதி அனுப்பு. 1942 என்று தெளிவாக இருக்கட்டும்.

லீலாபாய்


சென்னை,
20 பிப்ரவரி 1956

அன்புள்ள அக்கா,

நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?

என் படத்தில் அவன் சாகவில்லை. அலை மூடுகிறது, பிறகு விடிகிறது, பிறகு கரையேறுகிறான். கரையேறியதோடு படம் முடிகிறது. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்குத்தான் புத்தி பேதலித்ததோ என்று முதல் பிரதியை எடுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். கரையேறுகிறான் அக்கா.

உங்கள் ஊர்ப் பக்கமிருந்து இதுவரை பதினெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ‘பாவி, ஏன் கொன்றாய்’ என்று பன்னிரண்டு. அந்த அண்ணனுக்குப் பெயர் என்ன என்று ஐந்து. உங்கள் அன்னக்கிளி சொன்ன அந்த அண்ணன் எங்கிருந்து வந்தான் என்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தக்கலையிலிருந்து வந்த ஒரே ஒரு கார்டு மட்டும், ‘அவனை உயிரோடு கொண்டு வந்ததற்குக் கோடி வணக்கம்’ என்கிறது. பத்து மைல் தூரத்துக்குள் எப்படி இது? முதலாளி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

ஒப்புக்கொண்டுவிட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருஷத்தை என் கையால் எழுதமாட்டேன் என்று சொல்லத்தான் இரண்டு வருஷம் வரைந்தேன். அதை நீங்கள் பார்த்துவிட்டு, ‘எழுதி அனுப்பு’ என்கிறீர்கள். கோபமா, வேடிக்கையா, ஒன்றும் தெரியவில்லை. கல்லுக்கு அவசரப்படாதீர்கள்.

நேசையன்


நாகர்கோவில்,
5 மார்ச் 1956

அன்புள்ள நேசையா,

கொலைப்பழியிலிருந்து உன்னை விடுவித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் வகுப்பில் அடிதடி. அன்னக்கிளியும், பத்மநாபபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற செல்லத்தாயும் சடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏட்டி, அவன் செத்துட்டான். நான் கண்ணால கண்டேன்.”

“நீ என்னத்தக் கண்டே? நான் தக்கலையில பாத்தேன். அவன் கரையேறிட்டானாக்கும்.”

“உங்க ஊர்ப்பக்கம் கடலே கெடையாதேட்டி! எங்க கரையேறினான், பேச்சிப்பாறை அணையிலயா?”

இருவரையும் பிரித்து நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு தாளில் படத்தின் கதையை எழுதச் சொன்னேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சம்பவங்கள் ஒன்றே, வரிசைதான் வேறு. இது புரிய எனக்கு ஒரு முழு மத்தியானம் பிடித்தது. கணிதத்தில் பட்டம் வாங்கினவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போனேன். இயந்திரம் ஓட்டுகிறவர் தங்கப்பன். படப்பெட்டி திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸின் மேலே வந்திருக்கிறது. தோவாளையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பூக்கூடைகளை அதன்மேல் அடுக்கியிருக்கிறார்கள். தகர டப்பாக்களில் ஒட்டியிருந்த எண் சீட்டெல்லாம் ஊறிப்போயிற்று. இவர் ஒரு குத்துமதிப்பாகப் புதிதாக எழுதி ஒட்டினாராம்.

“மூணும் நாலும் எனக்குச் சந்தேகம்தான் டீச்சரே. கடைசியில ஒரு ‘சுபம்’ இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். அது ஒண்ணும் போடாம விட்டா மனுஷன் என்ன செய்யும்? அவனுக்க சாவு நல்லா இருந்துது, அதக் கடைசியில வச்சேன்.”

அதே பெட்டி மத்தியானம் தக்கலையில் ஓடிவிட்டு, பஸ் ஏறி மாலைக்கு இங்கே வருகிறது. தக்கலையில் ஓட்டுகிறவர் சுருளின் நுனியில் சுரண்டியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சரியாக ஓட்டுகிறார். பிறகு அந்தந்தச் சுருளை அது வந்த டப்பாவிலேயே திரும்பப் போட்டு அனுப்பிவிடுகிறார். அதனால்தான் தினமும் மத்தியானம் அவன் கரையேறுகிறான், மாலையில் மூழ்குகிறான்.

சனிக்கிழமை தக்கலைக்குப் போய் உன் வரிசையில் பார்த்தேன். அலை மூடியது, விடிந்தது, வந்தான், முகத்தைக் காட்டினான், நின்றான். திரை வெளுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நாகர்கோவிலில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்த ஒருவர் மட்டும் எழுந்து நின்று, “மாத்திப் போட்டுட்டான்! செத்தவன எழுப்பிட்டான்!” என்று கத்தினார். அவரை உட்கார வைக்கப் பெரும் பாடாகிவிட்டது.

கொடுமை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மன்னித்துக்கொள்.

ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஒன்று தோன்றியது. அதை உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை. 1941 ஏப்ரலில் ராஜையன் விடுமுறைக்கு வந்தான். மூன்று பேரும் சங்குத்துறைக் கடற்கரைக்குப் போனோம். நீந்திவிட்டுக் கரையேறி, தலைமயிரில் தண்ணீர் சொட்ட, பாதத்தின்மேல் பாதம் வைத்து நின்றான். நீதான் அவன் சட்டையைக் கையில் வைத்திருந்தாய். அதற்குப் பிறகுதான் அவன் சிங்கப்பூருக்குத் திரும்பினான். அதற்குப் பிறகுதான் கப்பல். முதலில் கரை, பிறகு கடல். உன் வரிசை அழகாக இருக்கிறது. தங்கப்பன் தெரியாமல் ஒட்டிய வரிசைதான் நம் வீட்டில் நடந்தது. முதல் முறை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது உண்மை. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. தக்கலையில் அது வரவில்லை. திரும்பவும் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

கல் முத்துநாயகம் வீட்டு முற்றத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. வேறு யாரிடமும் எழுத்துக் கேட்கமாட்டேன். நீ எழுதவில்லை என்றால் அது அப்படியே கிடக்கட்டும். உன்மேல் வருத்தம் இல்லை.

இன்னொன்று. தப்பு தெரிந்தபிறகு தங்கப்பன் என்னையே கேட்கிறார்: “இனி எப்பிடி ஓட்டட்டும் டீச்சரே? சனங்க அழத்தான் வருது. மாத்தினா சண்டைக்கு வரும்.” நான் என்ன சொல்ல? வரைந்தவன் நீ. நீயே சொல்.

அக்கா,
லீலாபாய்


சென்னை,
16 மார்ச் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சட்டையின் ஈரம் என் கையில் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் நான் எங்கேயோ மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. இப்போதும் எது முன்னால், எது பின்னால் என்று யோசித்தால் குழப்பமாகத்தான் இருக்கிறது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெயரை ஒரே தடவையில் எழுதிவிட்டேன். 1916-உம் வந்துவிட்டது. 1942-ஐ ஏழு தாளில் எழுதிப் பார்த்தேன். இதுதான் கொஞ்சம் தேவலை. கடைசி 2-இன் அடியில் மை லேசாகப் பரவியிருக்கிறது. முத்துநாயகம் அதைச் சரிசெய்ய வேண்டாம், இருக்கிறபடியே கொத்தட்டும்.

தங்கப்பனிடம் சொல்லுங்கள், நாகர்கோவிலில் அவர் வரிசையிலேயே ஓட்டலாம். தக்கலையில் மட்டும் மாற்ற வேண்டாம். அங்கே அவன் கரையேறட்டும்.

தங்கள் தம்பி,
நேசையன்