ரம்புத்தானுக்காகச் சீத்தாவை வெட்டுவதா?

மட்டாஞ்சேரி, கொச்சி

அன்புள்ள அப்பாவுக்குக் கற்பகத்தின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே நல்ல சுகம். போன் செய்தால் தம்பி அய்யனார் எடுத்து, உங்களிடம் கொடுக்காமலே வைத்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

நம் காட்டுச் சீத்தா மரங்கள் சித்திரை பிறந்தும் துளிர்க்கவில்லை, பட்டுப்போய்விட்டன, வெட்டிவிட்டு ரம்புத்தான் வைக்கிறேன் என்கிறான். நீங்களும் தலையாட்டினீர்களாமே! ஓணத்துக்கு நான் அனுப்பிய ரம்புத்தான் பழத்தைத் தின்ற ருசி பேசுகிறது. அந்த மரத்தின் தாகம் அவனுக்குத் தெரியுமா?

நான் சமைக்கிற வீட்டில், ஷாஜி சேட்டன் முற்றத்தில் ஒரு ரம்புத்தான் நிற்கிறது. போன வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. சமையலுக்குப் பிடித்துவைத்த தண்ணீரை அவர் அதற்கு ஊற்றினார். நான் சத்தம் போட்டேன். "ரெண்டு திவசம் தண்ணி இல்லெங்கில் இது போயி, கற்பகம்!" என்று சிரிக்கிறார். இரண்டு நாள்கூடத் தாங்காதாம். மழை கொட்டுகிற கொச்சியிலேயே இந்தக் கதி. மழை பொய்த்த நம் காட்டில் அது எத்தனை நாள் நிற்கும்?

சீத்தா இலையை உதிர்த்தது சாவதற்கா? இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றத்தானே! கொய்யா வாடும், எலுமிச்சை காயும், இது மொட்டையாக நின்றே பிழைக்கும். விவசாயி மகனுக்கு இதையும் நான் கொச்சியிலிருந்து சொல்ல வேண்டுமா?

யாராவது வந்தால் கொஞ்சம் நல்லெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். இங்கே என் தலையணைகூடத் தேங்காயெண்ணெய் மணக்கிறது.

குக்கர் கூப்பிடுகிறது. கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அரிவாளை ஒளித்துவையுங்கள். தெரியாவிட்டாலும் வெட்ட வேண்டாம். நான் வந்து கீறிப் பார்க்கிறேன்.

கற்பகம்